சுண்ணம் இடித்த கை: ஒரு செத்தவீட்டை மையால் கீறியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பெரியப்பாவின் இரண்டு கால் பெருவிரல்களையும் வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அரப்பு எண்ணெய் வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய பிறகும் நகக்கண்ணில் செம்பாட்டு மண் இருந்தது. பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டாமல் நன்றாக விலகி நின்றது. இடையில் இன்னொரு விரலை வைக்கலாம் போல அவ்வளவு இடைவெளி. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வருசம் பாத்தி கட்டிய காலில் இருந்து அது ஒரு குளிப்பில் போய்விடுமா?

பிறகு பத்து மாதத்தில் நான் கீறிய பதினொரு தாள்களும் அந்த நகக்கண்ணில் இருந்துதான் தொடங்கின. எங்கள் பக்கத்தில் படம் வரைவது என்று சொல்ல மாட்டோம், படம் கீறுறது என்றுதான் சொல்வோம். ஓலையில் எழுத்தாணியால் கீறி, பிறகு கரியைத் தடவினால்தான் எழுத்துத் தெரியும். காயம் முதலில், கறுப்பு பிறகு. மைவேலை செய்கிற எனக்கு அந்தச் சொல் எப்போதும் பொருத்தமாகவே பட்டிருக்கிறது. கீறினால் கீறினதுதான், அழிக்க முடியாது.

இந்தக் கட்டுரை அந்தப் பதினொரு தாள்களைப் பற்றியது. எது சரிவந்தது, எது பிழையாய்ப் போனது, பிழையை யார் காட்டினார்கள் என்பதைக் கீறுகிற மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன். இடம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரக் கிராமம். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் சொல்லவில்லை. தாள்களில் இருப்பவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

பெரியப்பா 82 வயதில் இறந்தார். வெங்காயம், புகையிலை, மிளகாய். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும், அதைக் கிணற்றில் இருந்து மேலே எடுத்தால்தான் தோட்டம். தண்ணி மிசின் வருவதற்கு முன்னர் அந்த வேலையைத் துலா செய்தது. ஆடுகாலில் ஏற்றிய நீண்ட மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே இன்னொருவர் துலாக்கொடியைப் பிடித்துப் பனையோலைப் பட்டையில் ஏறி வரும் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். பெரியப்பா பதின்ம வயதில் துலா மிதித்தவர். இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பாதிக் காதால்தான் கேட்டேன்.

அரிவாள் எங்களுடையது இல்லை

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த கையோடு கீறத் தொடங்கினேன். முதல் ஐந்து தாள்களையும் கிழித்துப் போட்டேன். அவை பதினொன்றில் சேராது.

சாவையும் விவசாயியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். சாவின் நடனத்தைப் பற்றிய அவருடைய மரவெட்டுப் படங்கள் 1538 இல் பிரான்சின் லியோன் நகரில் அச்சாகின. அவற்றில் ஒன்றில் கிழிந்த உடையோடு ஒரு கிழவர் கலப்பையை அழுத்திப் பிடிக்கிறார். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு குதிரைகளை விரட்டிக்கொண்டு ஓடுகிறது. தூரத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் படம். அரசனையும் பாப்பரசரையும் இழுத்துப் போகிற அதே எலும்புக்கூடு இந்தக் கிழவரிடம் வந்ததும் உதவிக்கு வந்த ஆள் மாதிரி வேலை செய்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதற்கு 350 வருசத்துக்குப் பிறகு, 1889 இல், சான் ரெமி மனநல விடுதியின் யன்னல் வழியே கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டிருந்த வான்கோ, கதிர் அறுப்பவனைச் சாவின் உருவமாகக் கண்டார். அந்தச் சாவில் சோகம் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் பொன் வெளிச்சத்தில் நனைக்கிற சூரியனோடு பட்டப்பகலில் அது நடக்கிறது என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார்.

நானும் ஒரு எலும்புக்கூட்டைக் கீறினேன். வெங்காயப் பாத்திக்குள் அரிவாளோடு நிற்கிற எலும்புக்கூடு. கோடு நன்றாகவே விழுந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டா: "உது ஆர் தம்பி, கள்ளனோ?"

அவ கேட்டது நியாயம். வெங்காயத்தை யாரும் அரிவாளால் அறுப்பதில்லை. குனிந்து தாளோடு பிடித்துப் பிடுங்குவார்கள். பிடுங்கி, மண்ணை உதறி, முடிச்சுக் கட்டித் தொங்கவிடுவார்கள். கதிர் அறுக்கிற ஊரில் சாவு அரிவாளோடு வந்தது, அது அந்த ஊர் வேலையில் இருந்து பிறந்த உருவம். எங்கள் தோட்டத்துக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை. எருமையில் பாசக்கயிற்றோடு வருகிற எமனையும் முயன்று பார்த்தேன். கலண்டர் படம் போல வந்தது.

இரண்டு பேர் என்னை அந்த இடத்தில் இருந்து நகர்த்தினார்கள். ஒருவர் ஜெர்மன் ஓவியர் கெத்தே கொல்விட்ஸ். ஜெர்மானிய விவசாயிகளின் கிளர்ச்சியைப் பற்றிய அவருடைய செதுக்கு அச்சுகளில் 1907 இல் செய்த ஒன்றில், மாட்டின் இடத்தில் இரண்டு மனிதர்கள் கலப்பையில் பூட்டப்பட்டு இழுக்கிறார்கள். முன்னால் சரிந்து சரிந்து அவர்களுடைய உடம்பு கிட்டத்தட்ட நிலத்துக்குச் சமாந்தரமாகிவிட்டது. எலும்புக்கூடு எங்கும் இல்லை. ஆனால் கிடக்கிற பிணத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். மற்றவர் வங்க ஓவியர் ஜைனுல் ஆபெதின். 1943 வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருவோரம் விழுந்து கிடந்தவர்களை, மலிவான பொதிகட்டும் தாளில், கறுப்பு மையில், உலர்ந்த தூரிகையால் கீறினார். அவர்கள் கிராமத்துக் கூலிகளும் குடியானவர்களும். தாங்களே விளைவித்த ஊரில் தின்ன இல்லாமல் நகரத்துக்கு நடந்து வந்தவர்கள். அந்தத் தாள்களிலும் சாவுக்கென்று தனி உருவம் கிடையாது. வேலை செய்த உடம்பு இருக்கிறது, வேலை இல்லை, சோறு இல்லை, அவ்வளவுதான்.

செத்தவீடு ஒரு வேலைநாள்

அதற்குப் பிறகுதான் அன்றைய நாளை நான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அழுகையைத் தள்ளி வைத்துவிட்டு, யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். நாலு பக்கம் வந்தது.

விடிய முன்னரே இரண்டு பேர் கோடரியோடு வந்துவிட்டார்கள். மா விறகு பிளக்கிற சத்தத்தில்தான் அயல் முழுக்கச் செய்தி தெரிந்தது. ஒருவர் குருத்தோலை வெட்ட மரத்தில் ஏறினார். இன்னொருவர் குலையோடு வாழை தறித்து வந்து படலையில் கட்டினார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டு மாமி பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றி வேலிக்கு மேலால் கொடுத்துக்கொண்டே இருந்தா. துணி வெளுக்கிற கட்டாடி வந்து பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டினார். மயானத்துக்குப் போய் விறகு அடுக்க மூன்று பேர். பறைக்காரர் வேலியோரம் காவோலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். பெரியம்மாவின் ஒப்பாரியிலும் வேலைதான் இருந்தது. இனி ஆர் தண்ணி மாறுறது, ஆர் குழை தாழ்க்கிறது, ஆர் புகையிலைக் குடிலுக்குப் பொச்சுமட்டை போடுறது என்று தோட்டத்து வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அழுதா.

அப்புறம் சுண்ணம் இடிப்பு. உரலுக்குள் மஞ்சளும் அறுகும் மற்றதும் போட்டு, கொள்ளி வைக்கிற மச்சானும் உரித்துக்காரரும் உலக்கையைப் பிடித்தார்கள். ஐயர் திருப்பொற்சுண்ணம் பாடினார். திருவாசகத்தில் வருகிற அந்தப் பதிகம், இறைவன் நீராடுவதற்காகப் பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும்போது பாடுகிற பாட்டாக மாணிக்கவாசகர் அமைத்தது. வரிக்கு வரி உலக்கை விழுகிற அடி அதில் கேட்கும். அதாவது எங்கள் ஆட்கள் பிணத்தைக் கிடத்திவிட்டுப் பாடுவதே ஒரு வேலைப்பாட்டு. இத்தனை செத்தவீட்டில் நின்றிருக்கிறேன், இது அன்றைக்கு மட்டும்தான் எனக்கு உறைத்தது. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் இடித்த அதே உலக்கை அது. நடுவில் கை பிடித்த இடம் தேய்ந்து மெலிந்திருந்தது.

இனி எமனையோ எலும்புக்கூட்டையோ தேடத் தேவையில்லை. சாவைக் கீற வேண்டுமென்றால் அன்றைய வேலையைக் கீற வேண்டும், அந்தந்த வேலையை அந்தந்தக் கை செய்தது போலவே. பிணம் எல்லாத் தாளிலும் வரவேண்டும் என்றுகூட இல்லை. பதினொன்றில் மூன்றில்தான் பெரியப்பா இருக்கிறார்.

சுண்ணம் இடிப்புத் தாளில் முகங்களை எடுக்கவில்லை. உரல், உலக்கை, அதைப் பிடித்த நாலு கைகள். மச்சானின் கை உலக்கையின் மெலிந்த இடத்தில் இருக்கிறது. அது பெரியம்மாவின் கைக்குத் தேய்ந்த இடம், அவனுடைய கைக்குப் பொருந்தாது. அந்தப் பொருந்தாமையைக் கோட்டில் கொண்டுவர மூன்று நாள் எடுத்தது.

கிணற்றுத் தண்ணீர்

பொருட்களைப் பற்றி மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாள் 300 கிராம் தடிப்பு, ஏ3 அளவு. தொட்டுக் கீறுகிற நிப் இரண்டு, தூரிகை ஒன்று, கூராகச் சீவிய தென்னை ஈர்க்கு ஒன்று. ஈர்க்கு ஒரே சீராக மை விடாது, கோடு நடுவில் வறண்டு போகும். அந்த வறட்சி ஓலைக்கும் கிடுகுக்கும் நிப்பை விட நன்றாக இருந்தது. மை, கடையில் வாங்கிய கறுப்பு வரைபட மை. கரித்தூளும் அதைத் தாளில் பிடித்து வைக்கிற ஷெல்லாக் அரக்கும் சேர்ந்தது. காய்ந்தால் தண்ணீர் பட்டாலும் கரையாது.

மெல்லிய சாம்பல் நிறம் வேண்டுமென்றால் இந்த மையைத் தண்ணீரில் கலக்க வேண்டும். வழக்கமாக இதற்குப் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் வாங்கி வைப்பேன். ஒருநாள் அது முடிந்துவிட்டது. பெரியப்பா வீட்டு விறாந்தையில் இருந்துதான் கீறிக்கொண்டிருந்தேன், எழும்பிப் போய்க் கிணற்றில் இருந்து ஒரு செம்பு அள்ளி வந்து கலந்தேன். கொஞ்ச நேரத்தில் மை திரிந்துவிட்டது. பால் திரிகிற மாதிரி, கறுப்புப் பொடிப்பொடியாக அடியில் இறங்கியது.

காரணம் கஷ்டமானது இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற எங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் இருக்கும் கல்சியம் அரக்கைத் திரிய வைக்கும், பிடிமானம் போனதும் கரித்தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவதும் இந்தச் சுண்ணாம்புதான். மைவேலைக்கு இந்தத் தண்ணீர் ஆகாது என்று பழகுகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஊற்றிவிடப் போனவன், ஊற்றமுன் ஒரு கழிவுத்தாளில் பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் தாளில் மண் கிடந்தது. உண்மையாகவே மண் போல, பொருக்குப் பொருக்காக, விரல் வைத்தால் ஒட்டும் போல. கறுப்பு மையில் சிவப்பு மண்ணை எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு மாதம் குறுக்குக்கோடு போட்டுப் போட்டுத் தோற்றிருந்தேன். அவர் ஆயுள் முழுக்க இறைத்த தண்ணீர் அதை ஒரு நிமிசத்தில் செய்து தந்தது. அன்று விறாந்தையில் இருந்து அழுதேன். செத்தவீட்டில் அழாதவன்.

அதற்குப் பிறகு மண் வருகிற இடம் எல்லாவற்றுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். நகக்கண்ணுக்கும்.

வெள்ளைக்கு எதிர்மாறான சிக்கல். மையில் வெள்ளை என்று ஒன்று கிடையாது, தாளில் தொடாமல் விட்டதுதான் வெள்ளை. கட்டாடி கட்டின வெள்ளையைக் கீற முடியாது, அதைச் சுற்றியிருக்கிற நிழலையும் கிடுகையும் ஆட்களையும்தான் கீறலாம். சுற்றியிருக்கிற கறுப்பில் பிழை விட்டால் துணி கிழிந்து போகும். பந்தல் தாளில் பாதிக்கு மேல் வெறும் தாள்தான். அதை முடிக்கத்தான் ஆகக் கூடிய நாள் எடுத்தது.

முகம் எங்கை?

ஏழாவது தாள் பறை. காவோலை நெருப்பு, அதற்கு முன்னால் குந்தியிருக்கிற இரண்டு பேர், தோலில் படுகிற வெளிச்சம். நெருப்பைப் பின்னால் வைத்து ஆட்களை இருட்டில் விட்டிருந்தேன், முதுகு தெரிய. பார்த்தவர்கள் எல்லோரும் இதுதான் திறம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் கீறியவர்களிடம் தாளைக் காட்டாமல் வெளியே வைப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்திருந்தேன். பறை அடித்த இருவரில் மூத்தவருடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். எழுபது வயது தாண்டியவர். என் அப்பு காலத்தில் எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகள்கூட அவருடைய தகப்பனைப் பேர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அண்ணை என்றேன். கதிரை தந்தார், பிளேன்ரீ வந்தது. தாளை மடியில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"நெருப்பு நல்லா வந்திருக்கு. முகம் எங்கை தம்பி?"

நான் வெளிச்சத்தைப் பற்றி ஏதோ விளக்கம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மற்றத் தாள்களையும் எடுத்துக் காட்டச் சொன்னார். விறகு பிளந்த எங்கள் உறவுக்காரருக்கு முகம் இருந்தது. வாழை தறித்தவருக்கு இருந்தது. தேத்தண்ணி தந்த மாமிக்கு மூக்குத்திகூட இருந்தது. கட்டாடிக்கு இல்லை, தலை வெள்ளைத் துணிக்குள் மறைந்திருந்தது. பறைக்காரர் இருவருக்கும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. அது சமாதானம் ஆகாது என்பதும் உண்மை. வேலையைக் கீறுகிறேன் என்று புறப்பட்டவன், எந்த வேலையை யார் தலையில் கட்டி வைத்திருந்தோம் என்பதைக் கீறாமல் நழுவியிருக்கிறேன். செத்தவீட்டுப் பறையும் வெள்ளையும் எங்கள் ஊரில் கூலி வேலையாக வந்தவை இல்லை, சாதி சுமத்திய வேலைகள். 1957 இல் சாதி ஒதுக்கலைத் தடுக்கிற சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயிலும் தேத்தண்ணிக் கடையும் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 இல் சுன்னாகத்தில் இருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது, 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. செத்தவீட்டில் பறை அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் விட்டதும் அந்த மானத்துக்கான போராட்டத்தின் ஒரு பகுதி. கறுப்பு வெள்ளை அழகு என்று நான் நினைத்தது இந்த வரலாற்றை இருட்டுக்குள் தள்ளி வைத்த அழகு.

திரும்பக் கீறினேன். இரண்டு பின்னேரம் நான் கீறுவதற்காக அவர் முற்றத்தில் இருந்து தந்தார். முகத்தைக் கீறும்போது, தோலை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், சத்தம் எப்போது "ஏறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தட்டிப் பார்த்துக் காதைச் சாய்க்கிற அந்தச் சாய்வுதான் இப்போது தாளில் இருக்கிறது. அது ஒரு வித்துவானின் முகம். முதுகை மட்டும் கீறியிருந்தால் அந்தக் காது எனக்குக் கிடைத்திருக்காது. மற்றவருடைய மகன் மறுத்துவிட்டான்: "அப்பாவைக் கீற வேண்டாம் அண்ணை. இது அவரோட முடியட்டும்." அவர் தாளில் இல்லை. அந்த இடத்தில் நெருப்பின் வெளிச்சம் நிலத்தில் கிடக்கிறது. கட்டாடித் தாளையும் மாற்றினேன், அவருடைய சம்மதத்தோடு.

கால்

ஒரு வருச முடிவில் வருகிற ஆட்டைத் திவசத்தன்று பெரியப்பா வீட்டு விறாந்தையில் கயிறு கட்டித் தாள்களைத் தொங்கவிட்டேன். கண்காட்சி என்று சொல்லவில்லை. சாப்பிட வந்தவர்கள் கை கழுவிவிட்டுப் பார்த்தார்கள். விறகு பிளந்தவர் தன் கோடரிப் பிடி பிழை என்றார், சரியாகவே சொன்னார். பெரியம்மா நகக்கண் தாளின் முன்னால் வந்து நின்றா. கை விரலால் நகத்தைச் சுரண்டப் போனா, பிறகு கையை எடுத்துக்கொண்டா.

கடைசியாகப் பார்த்தவர் பெரியப்பாவோடு துலா மிதித்த ஓர் ஐயா. இவரும் எண்பது தாண்டியவர், பொல்லூன்றித்தான் நடப்பார். துலாத் தாளை அவர் சொன்னதை வைத்துத்தான் கீறியிருந்தேன். அதில் பிழை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதைத் தாண்டிப் போய், கட்டிய பெருவிரல்களின் முன்னால் நின்றார்.

"உது அவன்ரை கால் இல்லை."

மண் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றேன்.

"மண் சரி. விரல் பிழை. துலா மிதிக்கிறவன் மரத்தைப் பெருவிரலாலை கவ்விப் பிடிக்கோணும். விட்டால் கிணத்துக்குள்ளைதான். சின்ன வயசிலை மிதிச்சால் விரல் பிறகு சேராது. நீ சேர்த்து வைச்சிருக்கிறாய்."

நான் அதைக் கண்டிருந்தேன். செத்தவீட்டிலேயே கண்டேன். கீறும்போது அந்த இடைவெளி என் கைப்பிழை போலத் தெரிந்ததால் ஒழுங்காக்கி, விரல்களைச் சேர்த்துவிட்டேன். பதினைந்து வயதில் கிணற்றுக்கு மேல் நடந்த கால் அது என்பதற்கு அவர் உடம்பில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்த இடைவெளிதான்.

மை என்பதால் திருத்த வழியில்லை, புதுத்தாள் எடுக்க வேண்டும். ஆனால் பார்த்துக் கீற அந்தக் கால் இப்போது இல்லை. ஐயா என்னைப் பார்த்தார். பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு, விறாந்தைக் குந்தில் இருந்துகொண்டு செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து வைத்தார். அதே இடைவெளி.

"கொண்டா தாளை" என்றார். உள்ளே யாரோ தடுக்கப் பார்த்தார்கள், இந்த நாளில் இது கூடாது என்று. அவர் கேட்கவில்லை. நான் கீறத் தொடங்கியதும் குனிந்து, நூல் எதுவரைக்கும் சுற்றியிருந்தது என்று தன் விரலில் தொட்டுக் காட்டினார்.